பத்துப் பவுண் கவர்

வீட்டுக் கடனின் மாதக் கட்டுக்காசு கட்ட ஏலாமல் வங்கி வீட்டைப் பறித்தபோது, சாவியோடு கடனும் போய்விட்டதென்றே நானும் கணவரும் நினைத்தோம். இரண்டு வருசம் கழித்துக் கடிதம் வந்தது: வீடு விற்ற காசு போதவில்லை, மிச்சத்தைக் கட்டுங்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஃபாரஸ்ட் கேட்டில் இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்லும் தமிழ்ப் பிள்ளையிடம் போனோம். எங்கள் செலவுகளை எழுதிப் பார்த்தவள், "சாப்பாட்டைவிடக் கலியாண வீட்டுக் கவருக்கெல்லோ கூடப் போகுது!" என்றாள். உண்மைதான். வீடு போனது சனத்துக்குத் தெரியக்கூடாதென்று, முந்தியைவிடக் காசு கூடவே கவருக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பார்த்து, மாதாமாதம் எங்களுக்கு ஏலுமான சிறு தொகையை வாங்கிக்கொள்ள வங்கி சம்மதித்தது. கவரைக் குறைப்பதுதான் எங்கள் பங்கு.

போன சனிக்கிழமை பிளேஸ்டோவில் ஒரு கலியாணம். மண்டபம் முழுக்கப் பூ. கலியாணப் பொம்பிளையின் தாயிடம் பத்துப் பவுண் தாள் வைத்த கவரை நீட்டி, "எங்கட வீடு போயிட்டுது. மிச்சக் கடனுக்கு ஒரு பிள்ளை வழி காட்டியிருக்கிறா. இப்ப இவ்வளவுதான் ஏலும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு காதுக்குள் மெல்லக் கேட்டார்:

"அந்தப் பிள்ளையை எங்க போய்ப் பார்க்கிறது, அக்கா? எங்களுக்கும் வங்கிக் கடிதம் வந்திருக்கு."