மச்சான் தூக்காத கல்

அது 1944-ஆம் வருடம், மாசி மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். முத்துக் குளிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்ததால், எங்கள் ஆட்களுக்குச் சோறு போட்டது சங்குதான். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சங்கு குளிப்பைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிக்கிறவன் ஒரு கனத்த கல்லின் மேல் காலை ஊன்றிக்கொண்டு அடிமணலுக்குப் போவான். மேலே வள்ளத்தில் ஒருவன் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டியதும் கயிற்றை இரண்டு தரம் வெட்டி இழுப்போம். அடுத்த நொடியே அவன் தூக்கியாக வேண்டும். அதனால் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டோம். மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை தவறினால் தாலியறுப்பது அவன் உடன்பிறந்தவள் அல்லவா? கூடப்பிறந்த அண்ணன் தம்பியை நம்பாதவன்கூட மச்சானை நம்புவான்.

என் மச்சான் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பேச்சு என்றால் அவனுக்கு வேப்பங்காய். கல்யாணப் பந்தியில்கூட ‘ம்’ என்பதற்கு மேல் பேசினதில்லை. ஆனால் நான் தண்ணீருக்குள் போய்விட்டால், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். வெற்றிலை போட மாட்டான், பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். நான் கயிற்றை அசைத்து அவன் தூக்காத நாள் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு நாள் குளிப்பு முடிந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியின் கயிறு அறுந்து, கழி என் வலது தொடைமேல் விழுந்தது. சுறாவுக்குத் தப்பித் தப்பிப் பிழைத்தவன், வள்ளத்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்த இடத்தில் காலை உடைத்துக்கொண்டேன். தொடைக்கு நடுவே இன்னொரு முழங்கால் முளைத்ததுபோல் அது வளைந்துவிட்டது. அலையில் வள்ளம் ஆடும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. மச்சான் ஒரு துடுப்பை இரண்டு காலுக்கும் நடுவே வைத்து, பாய்த்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். கரைக்கு வந்ததும் மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சிப்பாய்களின் உடைந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு வந்தவர். எங்களைப் போன்றவர்களையும் அவர் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். கட்டை அவிழ்க்காமல் முதலில் என் கால்விரல்களைத் தொட்டு, அசைக்கச் சொன்னார். அசைந்தது. “நல்லாக் கட்டியிருக்கீங்க” என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார். அவன் ‘ம்’ என்றான்.

பிறகு எங்களுக்குப் புரியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“நீந்தி நீந்தி உங்க தொடைச் சதை வடம் மாதிரி முறுக்கேறி இருக்கு. எலும்பு உடைஞ்சதும் அந்தச் சதை, கீழ்த்துண்டை மேல்துண்டுக்குப் பக்கத்துல இழுத்து ஏத்திடுச்சு. இப்படியே விட்டா இப்படியே ஒட்டிக்கும், கால் குட்டையாயிடும். எலும்பை ஒட்டவைக்க எனக்குத் தெரியாது. அது தானா ஒட்டும். ரெண்டு முனையும் நேருக்கு நேர் நிக்கிற மாதிரி பிடிச்சு வைக்கிறதுதான் என் வேலை.”

“எம்புட்டுக் குட்டையாகும்?” என்று மச்சான் கேட்டான்.

டாக்டர் இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். மச்சான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்புதான். நொண்டிக் குளிகாரனை எந்தச் சம்மாட்டியும் தன் வள்ளத்தில் ஏற்ற மாட்டார். கடலைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அரிசி கிடைக்காத யுத்தகாலம். வீட்டில் என் மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

மறுநாள் மயக்கம் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு எஃகுக் கம்பியைக் குறுக்கே செலுத்தினார்கள். அந்தக் கம்பியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள சட்டத்தின் வழியாகத் தொங்கவிட்டு, முனையில் மணல் மூட்டை கட்டினார்கள். சதை மேலே இழுக்க, மூட்டை கீழே இழுக்கும். இரவும் பகலும் விடாமல் இழுத்தால்தான் சதை களைத்துப்போய் எலும்பை விடும் என்றார் டாக்டர். ஆனால் மூட்டையில் ஓட்டை. மணல் கசிந்து தரையெல்லாம் கடற்கரையாகிவிட்டது. யுத்தகாலத்தில் இரும்பு எடைக்கு எங்கே போவது?

அன்று மாலை மச்சான் என்னுடைய குளிக்கல்லையும், தோணியில் இருந்து ஒரு கப்பியையும் சுமந்துகொண்டு வந்தான். டாக்டர் சிரித்துவிட்டார். சமையற்கட்டில் அரிசி நிறுக்கும் தராசில் கல்லை நிறுத்துப் பார்த்துவிட்டு, “இதைக் கட்டினா கால் மட்டும் தனியா வந்துடும். இதுல பாதி போதும்” என்றார். கடைசியில், புதிதாகக் குளிக்கப் பழகுகிறவர்களுக்கு வைத்திருக்கும் சின்னக் கல்லைத்தான் கட்டினார்கள். என்னைப் பார்க்க வந்த வள்ளத்து ஆட்கள் எல்லாரும் முதலில் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து கிடந்தேன். என் உடம்பின் கனமே கல்லுக்கு எதிர்க்கனமாம். தலைக்கு மேலே சட்டத்தில் இன்னொரு கயிறு தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். டாக்டர் தினமும் காலையில் அங்குல நாடாவோடு வந்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களையும் அளந்து பார்ப்பார். கால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டு வந்தது. டாக்டர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

மச்சான் வேலைக்குப் போகவில்லை. கால்மாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கை பழக்கதோஷத்தில் கல் தொங்கும் கயிற்றின் மேலேயே இருக்கும். ஒரு நாள் மத்தியானம் காலெல்லாம் கடுத்து, கம்பி போட்ட இடம் விண்விண் என்று தெறித்தது. தாங்க முடியாமல், தலைக்கு மேல் இருந்த கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் வெட்டி இழுத்தேன். சட்டம் அதிர்ந்தது. அந்த அதிர்வு மச்சான் கையில் இருந்த கயிற்றுக்குப் போயிருக்கிறது. அவன் யோசிக்கவே இல்லை. கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

சொர்க்கம் என்றால் அதுதான். காலில் இருந்த இழுப்பெல்லாம் கரைந்துபோயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கல்லைத் திரும்பத் தொங்கவிட்டான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதில் பேச என்ன இருக்கிறது? நான் அசைத்தேன், அவன் தூக்கினான். கல்யாணமான நாளிலிருந்து கடலில் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான் அசைக்க அசைக்க அவன் தூக்கினான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தரமும் சுகம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் தொடைச் சதை வெட்டி வெட்டி இழுத்து, வலி முன்னைவிட மோசமாக வரும். மறுபடியும் கயிறு.

டாக்டரின் நாடா மட்டும் குழம்பிப்போயிற்று. நீண்டுவந்த கால் திரும்பவும் குறைய ஆரம்பித்தது. கம்பியைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், கப்பிக்கு எண்ணெய் போடச் சொன்னார், கல்லைத் திரும்ப நிறுத்தார். எல்லாம் சரியாக இருந்தது, கால் மட்டும் குறைந்துகொண்டே போயிற்று. “எனக்கே விளங்கலையே” என்று அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனபோது, அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும், காரணம் நாங்கள்தான் என்று உறைக்கவே இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். மச்சான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்திருந்தான். கையும் களவுமாக அகப்பட்டோம். கூட வந்த நர்சம்மா கொதித்துப்போய், இவனை வார்டு வாசலைத் தாண்ட விடக்கூடாது என்றார்கள்.

டாக்டர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். “ஏன் தூக்கினீங்க?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

என் மச்சான் வாயிலிருந்து அவ்வளவு பேச்சை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். “அவன் கயித்த அசைச்சாம்யா. அசைச்சா தூக்கணும். தூக்கலன்னா செத்துருவான். எந்தங்கச்சிய இவனுக்குக் குடுத்துருக்கு, இவன் உசிர எங்கையில குடுத்துருக்கு. அவன் அசைச்ச பொறவு எங்கையி சும்மா கெடக்காதுய்யா.”

டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எப்படிக் குளிப்போம், யார் கயிறு பிடிப்பார்கள், எப்போது தூக்குவார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிறகு மச்சானிடம் சொன்னார்.

“இப்ப கடலுக்கு அடியில இருக்கிறது உங்க மச்சான் இல்ல. அவரோட எலும்பு. அது இன்னும் சங்கு எடுக்கல. நீங்க பாதியில தூக்கும்போதெல்லாம் சதை வெட்டி இழுக்குது, எலும்பு மறுபடி ஏறிக்குது, வலியும் கூடுது. நல்லவேளை, இன்னும் கெட்டியாகல, திரும்ப இழுத்திடலாம். எலும்பு கயிறை அசைக்கும். அது எனக்குத் தெரியும், நான் சொல்றேன். அதுவரைக்கும் யார் அசைச்சாலும் நீங்க தூக்கக் கூடாது. வேற யாரையும் தூக்க விடவும் கூடாது. இந்தக் கல்லுக்கு நீங்கதான் காவல்.”

விரட்ட வேண்டியவனைக் காவலுக்கு வைத்தார். அந்தப் பெரிய மனதை இன்றுவரை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்ல? டாக்டர் மருந்து கொடுத்தார், தலையணையை அண்டை கொடுத்தார், விரலையும் பாதத்தையும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அப்படியும் வலி வந்தது. நான் கயிற்றை வெட்டி இழுத்தேன். மச்சான் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். அவன் இரண்டு கையாலும் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, “மாதாவே, மாதாவே” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நான் அவனைப் பேசாத பேச்சில்லை. “ஏலே, உந்தங்கச்சி தாலியறுக்கணும்னுதான் இங்கன வந்து உக்காந்திருக்கியா? நீயெல்லாம் ஒரு மச்சானா?”

“வையி மச்சான். எம்புட்டு வேணும்னாலும் வையி” என்றான்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். நான் அழுவதைக் கண்டதும் கஞ்சிப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து கல்லைத் தூக்கப் போனாள். மச்சான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

“ஏளா, கைய எடு.”

தங்கைமேல் ஒரு துரும்பு பட்டாலும் தாங்காதவன் அவன். அவள் திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். “அவிய துடிக்கிறது ஒனக்குத் தெரியலையா? நீ மனுசனா?” என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். அப்புறம் வெகுநாள் அவள் அவனோடு பேசவில்லை. கூடப்பிறந்தவளும் பேசாமல், கட்டிலில் கிடந்தவனும் ஏசிக்கொண்டிருக்க, அந்த மனிதன் முக்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. கல்லைத் தூக்காமல் விட்டதும், சில நாளிலேயே சதை தளர்ந்து வலி குறைந்தது. நாடாவும் சிரிக்க ஆரம்பித்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் பரிதாபப்பட்டுக் கல்லுக்கு அடியில் கையைக் கொண்டுபோவார்கள். மச்சான் எழுந்து நின்றாலே போதும், கை பின்வாங்கிவிடும். ஒரு நாள் மாதா கோவில் சாமியார் வந்து ஜெபித்துவிட்டு, போகிற போக்கில் கல்லைத் தொடப் போனார். மச்சான் எழுந்து வணக்கமாக நின்றான், ஆனால் வழி விடவில்லை.

வைகாசி பிறந்து, சங்கு குளிப்புக் காலமும் முடிந்துவிட்டது. ஒரு காலையில் டாக்டர் வந்து தொடையை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். வலித்ததா என்றார். இல்லை என்றேன். காலை நானாகவே தூக்கச் சொன்னார். தொடை ஒரே துண்டாக எழுந்தது. நாடாவை எடுத்து வலது காலை அளந்தார், இடது காலை அளந்தார், திரும்பவும் வலது காலை அளந்தார். என் தலைக்கு மேல் இருந்த கயிற்றைத் தானே பிடித்து இரண்டு தரம் வெட்டி இழுத்தார்.

“மச்சான், எலும்பு அசைச்சிட்டுது. தூக்குங்க.”

அவரும் அவனை மச்சான் என்றே கூப்பிட்டுவிட்டார். மச்சான் கல்லைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். வாய்விட்டு அழுதான். வார்டில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அதன்பிறகு கட்டைகளை அக்குளில் இடுக்கி நடக்கப் பழகி, முழங்கால் மடங்கவே சில மாதம் ஆயிற்று. பையன் பிறந்தபோது எழுந்து நின்று கையில் வாங்கினேன். ஞானஸ்நானத்துக்கு மச்சானைத்தான் ஞானத்தகப்பனாக நிறுத்தினோம். அதற்குள் அண்ணனும் தங்கையும் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வருடம் கடந்து மறுபடி கடலில் இறங்கினேன். கயிறு அதே கையில்தான் இருந்தது.

சின்னக் கல்லை டாக்டர் எங்களிடம் கேட்டு வார்டிலேயே வைத்துக்கொண்டார். அடுத்து வருகிறவனுக்கு வேண்டும் என்றார். கொஞ்ச காலத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. நாங்கள் ஒரு கூடை மீனோடு பார்க்கப் போனபோது, முதல்நாளே ரயில் ஏறிவிட்டார் என்றார்கள். ஒரு நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை.

மச்சான் இப்போது இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. இரண்டு காலும் தரையில் ஒன்றுபோல் ஊன்றி மாதா கோவிலுக்கு நடக்கும்போதெல்லாம், அந்த டாக்டருக்காக ஒரு ஜெபம் சொல்கிறேன். நான் அசைத்ததும் தூக்கிக் கடலில் என் உயிரைக் காத்த மச்சான், நான் கதறி அசைத்தும் தூக்காமல் அழுதுகொண்டே உட்கார்ந்து என் காலைக் காத்தானே, அந்த இரண்டாவது வேலைதான் அவனுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நெஞ்சு நெகிழ்ந்து நினைத்துக்கொள்கிறேன்.