வேலை போனவருக்கு நிற்க நேரமில்லை

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் நம்ம ஸ்டோர்காரரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். வேலை இருந்த காலத்தில் மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விடுவார். வேலை போயிற்று, குறட்டையும் கூடவே போயிற்று.

தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் அவருக்கு ஸ்டோர் பொறுப்பு. எந்த வாஷர் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்டோர் இருந்தது, அதற்கு ஒரு ஆளும் இருந்தார். ஓர் உறையில் இரண்டு கத்தி எதற்கு? இவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் சார்" என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்கள்.

அவருடைய நிஜக் குடும்பத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள், மூன்றாம் வகுப்பு முடித்த மகள். மனைவி நோயில் போனபோது அந்தக் குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. இப்போது அது பேச்சில் பெரிய கில்லாடி. அப்பாவே அவளை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கும் சேர்த்துத் தான் பேசியாக வேண்டும் என்று பிறக்கும்போதே முடிவு செய்துவிட்டாளோ என்னவோ.

ஏனென்றால் ஸ்டோர்காரருக்கு வாயில் வரும் ஒரே பதில் 'சரி'. அதிலும் அவருடைய அக்காவிடம் 'சரிக்கா'. அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தம்பி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, "நீ காலையில போனா இருட்டினப்புறம் வர்றே. பொண்ணை யாருடா பாத்துப்பா? என்கிட்ட விடு" என்பாள். வேலை போன சேதி கேட்டதும் போனிலேயே அழுதாள், உண்மையாகவே அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நீ இப்படி வீட்டுல உக்காந்திருந்தா பொண்ணை எப்படிடா வளர்ப்பே? என்கிட்ட விடு" என்றாள். வழக்கு மாறினாலும் தீர்ப்பு மாறவில்லை.

"லீவு முடியறதுக்குள்ள ஒரு வேலையைத் தேடிக்கோ. இல்லேன்னா பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க ஊர்லயே சேர்த்துடறேன். சரியா?"

"சரிக்கா" என்றார். போனை வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார். மகள் இல்லாத வீட்டில் தான் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. அவள்தானே அவர் வீடு!

வேலை தேடலாம் என்று கிளம்பியவருக்கு அப்போதுதான் ஒரு பெரிய உண்மை புரிந்தது. ஒருவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவருக்குப் பதிலாக அவருடைய வேலைதான் 'முடியாது' சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் அதே அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் நர்ஸ். "ஸ்டோர் சார், நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க? எனக்கு ஒரு பார்சல் வரும், வாங்கி வைக்கறீங்களா?" பார்சல்தானே என்று வாங்கி வைத்தார். மறுநாள் நாலாம் மாடியிலிருந்து சாவி வந்தது, துணி துவைக்கும் மெஷினைப் பழுது பார்க்க ஆள் வருவானாம், கூட நிற்க வேண்டுமாம். பிறகு மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் வந்து சேர்ந்தன. கடைசியாக நர்ஸின் இரட்டைப் பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். "உங்க பொண்ணுக்கும் விளையாடத் துணையாச்சு" என்று நர்ஸ் சொன்னபோது, ஏதோ அவருக்குத்தான் உதவி நடக்கிற மாதிரி இருந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அது வளரும், வேலை யார் தேடுவது?

அவர் செய்த தப்பு என்னவென்றால், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஸ்டோர் புத்தி எங்கே போகும்? ஒரு பலகையில் ஆணி அடித்து மாடி வரிசையாகச் சாவிகளை மாட்டினார். கூடத்து அலமாரியில் இருந்த தன் பொருள்களை ஓரங்கட்டிவிட்டு, தட்டுக்கு ஒரு மாடியாகப் பார்சல்களை அடுக்கினார். தொட்டி நிரம்பும் நேரம் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. கட்டிடமே அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "நீங்க வீட்டுல இருக்கறது எங்களுக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா" என்றார்கள். அவருக்கு வேலை போனதில் அந்தக் கட்டிடத்தில் வருத்தப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அப்பா, ஒரே ஒரு தடவை 'முடியாது'ன்னு சொல்லிப் பாரேன். வாய் ஒண்ணும் சுட்டுடாது" என்பாள் வாயாடி.

"பாவம்மா, நம்பி வர்றாங்க."

"நாமளும் பாவம்தானே?"

தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டது, அவர் மோட்டாரை நிறுத்த ஓடினார்.

லீவு பாதி கழிந்தபோது ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மனிதர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். கிளம்பும் நேரம் பார்த்து நர்ஸ் இரட்டையரோடு வாசலில் நின்றார். "அவசர டியூட்டி சார், கொஞ்ச நேரம்தான்." அவர் 'நான் இன்னைக்கு...' என்று தொடங்குவதற்குள் படியிறங்கிப் போயாயிற்று. என்ன செய்வார்? மூன்று பிள்ளைகளோடும், சட்டைப் பையில் நாலாம் மாடிச் சாவியோடும் நேர்காணலுக்குப் போனார்.

கிடங்கு மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதையானவர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற மூன்று முகங்களையும் பார்த்தார். "மூணும் உங்க பசங்களா சார்?"

"ஒண்ணுதான் என்னுது. மத்த ரெண்டும் இரண்டாம் மாடி."

அதற்குள் போன் அடித்தது. நாலாம் மாடியில் மெக்கானிக் வந்து நிற்கிறானாம், சாவி எங்கே? அதை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு போன். தொட்டி வழிகிறதாம், மோட்டார் சுவிட்ச் எது? ஸ்டோர்காரர் பொறுமையாக, "இடது பக்கம் மூணாவது, சிவப்பு நாடா ஒட்டியிருக்கும்" என்று வழி சொன்னார்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "சார், உங்க அனுபவமெல்லாம் பிரமாதம். ஆனா நீங்க ஏற்கெனவே எங்கேயோ பெரிய பொறுப்புல இருக்கற மாதிரி தெரியுது. எங்களுக்குக் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கற ஆள் வேணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயாடி ஒன்றும் பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கட்டிடத்தில் அன்று அரை நாளில் அமளி துமளி ஆகியிருந்தது. தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் ஆறு. பார்சல்கள் வந்த வழியே போய்விட்டன. மெக்கானிக் திட்டிவிட்டுப் போயிருந்தான். சாயங்காலமே குடியிருப்போர் கமிட்டி கூடியது. மறுநாள் காலை, கீழ்வீட்டில் குடியிருக்கும் செயலாளர் மேலேறி வந்தார். பெரிய ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் ஓய்வு பெற்றதை நம்பாதவர்.

"அரை நாள் நீங்க இல்லாம பில்டிங்கே நாறிப்போச்சு சார்" என்று உட்கார்ந்தார். "கமிட்டியில பேசினோம். சம்பளம் போட்டு ஒரு ஆள் வைக்கறதுன்னு முடிவு. மேனேஜர்னே பேரு வச்சுடலாம். கீழே அந்தச் சின்ன ரூம் பூட்டித்தானே கிடக்கு, அதையே ஆபீஸா குடுத்துடலாம்."

ஸ்டோர்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்பிக்கையான ஆளா இருக்கணும், அதான் முக்கியம்" என்றார் செயலாளர். "அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்கதான் சும்மா இருக்கீங்களே, நாலு பேரைப் பார்த்து நல்ல ஆளா ஒருத்தனை எடுத்துக் குடுங்களேன்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் வெண்ணெயையே அனுப்பி நெய் வாங்கி வரச் சொன்னார்கள். வெண்ணெயும் "சரி சார்" என்றது.

ஆட்கள் வந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு, வாயாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குக் கிடைக்காத வேலைக்கு மனிதர் உண்மையாகவே ஆள் தேர்ந்தெடுத்தார். ஒருவருக்கு மாடி ஏற மூச்சு வாங்கியது. இன்னொருவர் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. மூன்றாவதாக வந்தவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், பார்த்ததுமே ஸ்டோர்காரருக்குப் பிடித்துப்போயிற்று. என்னென்ன வேலை என்று விளக்கினார். சாவி, பார்சல், மோட்டார், மெக்கானிக், இரட்டையர் என்று அது நீண்டுகொண்டே போயிற்று.

டிரைவர் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். "இவ்வளவும் ஒரே ஆளா? இப்ப யாரு சார் செய்றாங்க?"

"நான்தான்."

"என்ன குடுக்கறாங்க?"

ஸ்டோர்காரர் பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். "ஒண்ணும் குடுக்கறதில்லை" என்று மகள் சொல்லிவிட்டாள்.

டிரைவர் எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். ஒருத்தர் சும்மா செஞ்சு பழக்கின இடத்துல, பின்னால வர்றவனுக்கு மரியாதை இருக்காது. எனக்கு வேணாம்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாயாடி அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "அடுத்தது யாரு? உள்ள வாங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "முன்ன இந்த வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

நேராகக் கீழே போனார். "ஆள் கிடைச்சாச்சு சார்."

"பலே! யாரு?"

"நான்தான்."

செயலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்பது தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்களா? உங்களுக்கு எதுக்கு சார் சம்பளம்? நீங்கதான் சும்மாவே செய்றீங்களே! உங்களை மாதிரி ஒரு மனுஷருக்குப் போய்ச் சம்பளம் குடுத்தா, அது உங்களை அவமானப்படுத்தற மாதிரி ஆகாது?"

அடடா, என்ன மரியாதை! ஸ்டோர்காரருக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தார், பலகையிலிருந்து சாவிகளைக் கழற்றினார், வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். கோபத்திலும் மனிதர் மாடி வரிசையாகத்தான் கொடுத்தார். பார்சல்களும் அப்படியே போய்ச் சேர்ந்தன. பிறகு கதவைச் சாத்தி, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

லீவின் கடைசி வாரம் மகளின் பையை அவரே அடுக்கினார். கனமானது அடியில், லேசானது மேலே, அடிக்கடி வேண்டியது ஓரத்தில். அடுக்க அடுக்கக் கண் மறைத்தது. வாயாடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அத்தை வீட்டில் தனி அறை உண்டு, ஊஞ்சல் உண்டு என்று அவர் சொன்னதற்கெல்லாம் "சரிப்பா" என்றாள். தன்னுடைய சொல் அவள் வாயில் வந்தபோது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வெளியே தொட்டி வழிந்தது, வற்றியது, மறுபடி வழிந்தது. நர்ஸ்தான் முதலில் பொங்கினார். செயலாளர் வீட்டு வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. "அவருக்குக் குடுக்க மாட்டீங்க, தெருவுல போறவனுக்குக் குடுப்பீங்களா? அவர்கிட்ட நானும் ஓசியிலதான் வேலை வாங்கினேன், எனக்கே வெக்கமா இருக்கு!" சனிக்கிழமை சாயங்காலம் செயலாளர் மேலே வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. கீழ் ரூம் சாவியை நீட்டினார். "திங்கட்கிழமையிலேர்ந்து வந்துடுங்க. சம்பளம் கமிட்டியில சொன்னதுதான்" என்றார், தன் சொத்தையே எழுதிக் கொடுக்கிறவர் முகத்தோடு.

மறுநாள் அக்கா வந்து இறங்கினாள். வேலை கிடைத்ததைக் கேட்டதும் தம்பியைக் கட்டிக்கொண்டாள். "அப்பாடா! இப்பத்தான்டா எனக்கு உயிரே வந்துது." கண்ணைத் துடைத்தாள். முந்தானையைச் செருகினாள். "சரி, நாளையிலேர்ந்து நீ நாள் பூரா ஆபீஸ்ல இருப்பே. பொண்ணை யாரு பாத்துப்பா? அந்தப் பையை எடு."

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார். 'சரிக்கா' பழக்க தோஷத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. மகள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடியாதுக்கா."

"என்னடா சொன்னே?"

"முடியாதுக்கா. அவ இங்கதான் இருப்பா. ஆபீஸ் கீழதான் இருக்கு, பள்ளிக்கூடம் விட்டா என் பக்கத்துல வந்து உக்காந்துப்பா. அவ இல்லாம என்னால இருக்க முடியாது."

வாய் ஒன்றும் சுடவில்லை. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் முதல் சம்பளமே கையில வாங்கலை, அதுக்குள்ள வாய் வந்துடுச்சு பாரு!" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது. அவளுடைய வெறிச்சோடிய வீட்டை நினைத்துத் தம்பிக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. "லீவுக்கெல்லாம் அனுப்பறேன்க்கா" என்றார். அக்கா பையைத் திறந்தாள். "இது என்னடா, துணியை இப்படியா அடுக்குவாங்க, கிடங்கு மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சட்டையாக எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள்.

மதியம் அழைப்பு மணி அடித்தது. வாயாடி ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்தாள். நாலாம் மாடிக்காரர் கையில் சாவியோடு நின்றார். "அப்பா இருக்காராம்மா? கொஞ்சம் கூப்பிடேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ் லீவு" என்றாள் அவள். "எங்கப்பா உள்ள சும்மா இருக்கார். தொந்தரவு பண்ணாதீங்க."