சந்திரிகாவுக்குச் சொல்லாத மரண அறிவிப்பு

நாவலப்பிட்டியில் யார் கண்ணை மூடினாலும் கறுப்பையாவின் ஆட்டோதான் ஊருக்குச் சொல்லும். கூரையில் ஒலிபெருக்கி, கையில் மைக். சாவு இல்லாத நாட்களில் சேலைக்கடை விளம்பரம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த சந்திரிகா, ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவள். அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம் கறுப்பையா விளம்பரத்தை நிறுத்தி, "என்ன தம்பி, சொகமா?" என்பார். தெருவே சிரிக்கும்.

ஒருநாள் அவள் இறங்கி வந்தாள். "அண்ணே, மனசுல என்ன வேணும்னாலும் நெனச்சுக்கங்க. மைக்குல மட்டும் வேணாம்."

"என் வாயி, என் மைக்கு. இதுக்கும் சட்டம் போடுவியா?"

தேத்தண்ணிக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. "அவரு இஷ்டம், பேசட்டுமே" என்றார் ஒருவர். "ஒன்னயப் பொம்பளைன்னு மைக்குல சொன்னா சும்மா இருப்பியா?" என்றார் இன்னொருவர். கறுப்பையா தேநீரை ஊதிக்கொண்டே சிரித்தார்.

துணி வாங்கக் கண்டிக்குப் போன சந்திரிகா, அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துபோனாள். அவள் அண்ணன் பொன்னையா தேயிலைத் தோட்டத்திலிருந்து கறுப்பையாவிடம் வந்தார், அழுது வீங்கிய முகத்தோடு.

"நிரஞ்சன்னு சொல்லுங்க. எங்கம்மா வச்ச பேரு."

கறுப்பையாவுக்கும் அதுவே சரியென்று பட்டது. "பொன்னையாவின் அன்புத் தம்பி நிரஞ்சன் காலமானார்" என்று சந்து சந்தாகச் சொல்லிப் போனார். வாசலுக்கு வந்த பெண்கள், யாரோ தெரியாத ஆள் என்று உள்ளே திரும்பினார்கள்.

மறுநாள் தோட்டத்து மயானத்துக்குப் பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுக் கறுப்பையாவே இடது தோளைக் கொடுத்தார். ஏற்றத்தில் பெட்டி அவர் பக்கமே சரிந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது, சந்திரிகாவின் பூட்டிய கடைமுன், விஷயம் தெரிந்துகொண்ட பெண்கள் அவரை மறித்தார்கள். மகளின் கல்யாண ஜாக்கெட்டை அவளிடம் தைக்கக் கொடுத்திருந்த கைரியாவுக்குக் குரல் உடைந்தது. "எங்கட வாசலாலதானே போனீங்க, அண்ணன்? அவட மையத்த எங்களுக்குச் சொல்லாம யார்ட மரணத்தச் சொன்னீங்க?"



இன்றும் அவர் வாயை யாரும் கட்டவில்லை. ஆனால் ஆட்டோ வந்தால் பெண்கள் தெருவில் இறங்கி நிறுத்துகிறார்கள். "யாரு இது? ஊருல என்ன பேரு?" அவர் சொன்ன பிறகும், யாருக்காவது போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் கடை நெருங்கும்போது அவருடைய இடது தோள் கனக்கத் தொடங்கும். மைக்கை அணைத்துவிடுவார். அணைத்த பிறகும் கூரையிலிருந்து அவருடைய குரலே அவருக்குக் கேட்கும்: "என்ன தம்பி, சொகமா?"

இப்போது தெருவில் யாரும் சிரிப்பதில்லை.