தேங்காய்த்திட்டிலிருந்து காலாப்பட்டுக்குப் பழைய கரண்டு சைக்கிளில்

வண்டி வாங்கிய அன்றைக்கு அக்கா வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான், என் அக்கா பிலோமினா, அவள் வீட்டுக்காரர் மர்த்தேன் மாமா, தட்டாஞ்சாவடி மெக்கானிக் டில்லி. நான்கே பேர். வருஷம் 2009, ஐப்பசி மழை விட்டிருந்த வாரம்.

என் மகள் செலினுக்குக் காலாப்பட்டில், மாமியார் வீட்டில், பிள்ளை பிறந்து இருபது நாள். பால் பற்றவில்லை, குழந்தை ஓயாமல் அழுதது. தேங்காய்த்திட்டு ஏலத்தில் பால்சுறா கிடைக்கும். புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும். ஆனால் மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஆட்டோவோ போக மட்டும் நூற்றைம்பது ரூபாய். அதனால்தான் மாமா மூன்று வருஷம் ஓட்டிய கரண்டு சைக்கிளை ஆறாயிரத்துக்கு வாங்கினேன்.

மாமா வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி ஆக்சிலேட்டரைத் திருகினார். பின்சக்கரம் பறந்தது.

"பாத்தியா ரோசலி, குதிரை மாதிரி."

"குதிரைக்குக் காலு எங்க மாமா?" என்றேன். பெடல் இரண்டையும் கழற்றி எங்கோ தொலைத்திருந்தார்.

டில்லி சிரித்தான். "பெடலு எதுக்கு ஆயா? அதான் கரண்டு இருக்குதே."

"நின்னுட்டா நீ வந்து தள்ளுவியா?"

உடனே ஒரு ஜோடி லேடீஸ் சைக்கிள் பெடல் மாட்டினான். பின்சீட்டை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் வைத்து, அதன்மேல் தெர்மோகோல் பெட்டியைக் கட்டினான். ஐஸ் தண்ணீர் பேட்டரியில் சொட்டாதபடி ஒரு டியூபும் விட்டான். எல்லாம் சேர்த்து எண்ணூற்றைம்பது. அக்கா காபி டம்ளரோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை ஏலத்தில் சுறா எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, ஏழு இருபதுக்குக் கிளம்பினேன். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர். ஏழு ஐம்பதுக்கு முத்தியால்பேட்டை மணிக்கூண்டு. கோட்டக்குப்பம் தாண்டியதும் கடல் காற்று. அந்தச் சுகம் இப்போது நினைத்தாலும் முகத்தில் படுகிறது. பெரிய முதலியார்சாவடியில் எட்டே காலுக்குப் பேட்டரி இறங்கி வண்டி செத்தது.

சுறா சூடானால் நெடி ஏறிவிடும், தாய்க்குக் கொடுக்க முடியாது. இரும்புப் பீரோவை மிதிப்பதுபோல் ஆறு கிலோமீட்டர் மிதித்தேன். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னா ஆயா, கரண்டு பில்லு கட்டலியா?" நான் மிதித்துக்கொண்டே போனேன். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் விரல் அளவு ஐஸ் மிச்சம் இருந்தது. மீன் கெடவில்லை. செலின் இரண்டு தட்டுப் புட்டு சாப்பிட்டாள். இரண்டு நாளில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மத்தியானம் மாதிரி எனக்கு இன்னொன்று வாய்க்கவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்டாண்டில் சுற்றும் சக்கரத்தை நம்பாதீர்கள். ஆள் ஏறி, சுமை ஏற்றி, பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். பேட்டரி வாங்கிய சீட்டைக் கேளுங்கள். பெடலைக் கழற்றாதீர்கள்.

மாமாவை மன்னித்துவிட்டேன். விற்கிறவர் பொருளைக் குறை சொல்வாரா? ஆனால் ஒரு வாரம் கழித்து அக்கா சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்டி. போன மாசம் ரெண்டு தடவ அத தள்ளிக்கிட்டுதான் வூட்டுக்கு வந்தாரு." செலின் குழந்தையின் அழுகையை என்னோடு உட்கார்ந்து கேட்டவள் அவள். மாமாவை மன்னித்தாயிற்று, பிலோமினாவை மாட்டேன்.