பீற்றர் மாஸ்ரரின் பூட்டிய அலுமாரி

பீற்றர் மாஸ்ரர் இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னவர் அவர் தங்கியிருந்த சிங்கள விகாரையின் பிக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் வராது. தொலைபேசியில் இருவரும் ஜெர்மன் மொழியில் பேசினோம். மாரடைப்பாம். நான் முதலில் கேட்டது, என்னுடைய நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான். சாவுச் செய்தி சொல்ல எடுத்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? என் புத்தி அப்படி. மாஸ்ரரின் குறிப்புப் புத்தகத்தில் இருந்ததாகச் சொன்னார். ஹம்பேர்க்கில் அவரிடம் இங்கிலீஷ் படித்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தோம். விசா கிடைத்தால் லண்டனுக்குச் சொந்தங்களிடம் போய்விடலாம் என்ற கனவு எல்லோருக்கும் இருந்தது. மாஸ்ரர் மன்னார்க் கத்தோலிக்கர், கலியாணம் கட்டாதவர். சிங்கள விகாரையின் மேல்மாடி அறையில் தங்கி, சனிக்கிழமைகளில் கீழே புத்தர் சிலைக்கு முன்னால் பாய் விரித்து இலவசமாகப் படிப்பித்தார். தமிழர், அதிலும் வேதக்காரர், அங்கே எதற்கு இருக்கிறார்? நான் நேரடியாகவே கேட்டேன்.

"வாடகையும் இல்லை, வாக்குவாதமும் இல்லை, தங்கச்சி. கறியும் எங்கட உறைப்புத்தான்," என்றார். நான் நம்பவில்லை.

ஒருநாள் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நாங்கள் என்ன செய்தோம்? அன்ட்ராக் என்று நாம் சொல்லும் அகதி விண்ணப்பத்தில் கொடுத்த கதையையே ஆளுக்கு ஆள் எழுதிவைத்தோம். ஞாயிறு தவறாமல் தாயோடு போனில் கதைக்கிறவர்கூட, தாய் செத்துவிட்டதாக எழுதினார். மாஸ்ரர் எல்லாவற்றையும் வாசித்தார். "இந்த வகுப்பில ஒருத்தருக்கும் ஒருத்தரும் இல்லைப் போல," என்றார். பிழை மட்டும் திருத்தினார்.

பிறகு பேசச் சொன்னபோது எனக்கு நாக்குப் புரண்டது. என் அக்கா கொழும்பில் இருக்கிறா என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். கொழும்பில் எனக்கு யாருமே இல்லை என்றுதான் விண்ணப்பத்தில் சொல்லியிருந்தேன். இருந்தால், அங்கேயே போய் இரு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாஸ்ரர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அடுத்த ஆள் சொல்லுங்கோ," என்றார். வகுப்பு முடிந்ததும் எங்கள் கொப்பிகளை அடுக்கிக்கொண்டுபோய்ப் பிக்குவின் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி எந்தப் பைக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு மாதத்தில் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், கொழும்பில் அக்கா. விலாசம்கூட எழுதியிருந்தார்கள். அக்காவைப் பற்றி நான் வாய்விட்டது அந்த வகுப்பில் மட்டும்தான். அன்று பின்னேரமே உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். "மாஸ்ரர் ஆள் சரியில்லை, எங்கட கொப்பி எல்லாம் எங்கேயோ போகுது," என்று சொன்னது நான்தான். வகுப்பில் பதினொரு பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

அதோடு விடவில்லை. விகாரை வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாஸ்ரர் போய் அலுமாரியைத் திறந்து என் கொப்பியை எடுத்து வந்தார்.

"இங்க பல பேர் வந்து போற இடம், தங்கச்சி. நீங்கள் எழுதினது உண்மையோ பொய்யோ, அது எனக்குத் தேவையில்லை. அது வெளியில கிடக்கக் கூடாது எண்டுதான் பூட்டினனான்."

நல்லாய்க் கதை விடுறியள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேல்முறையீட்டுக்காக வழக்கறிஞர் என் கோப்பை வாங்கிக் காட்டினார். அதில் ஒரு கடித உறை இருந்தது. என் பிறப்புச் சான்றிதழை அக்கா தபாலில் அனுப்பியபோது, உறையோடு கொடுத்தால்தான் நம்புவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நானே அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். உறையின் பின்பக்கத்தில் அக்காவின் பெயரும் கொழும்பு விலாசமும் அழகான கையெழுத்தில் இருந்தன. என்னைக் காட்டிக்கொடுத்தது நான்.

அதை உங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். நாளைக்குச் சொல்லலாம், விசா வந்த பிறகு சொல்லலாம் என்று வருடங்கள் ஓடின. அக்கா கனடாவுக்குப் போனாள், எனக்கும் விசா கிடைத்தது. மாஸ்ரர் உளவாளி என்று நான் பரப்பிய கதை மட்டும் அவரை விடவில்லை. கடையில் அவரைக் கண்டால் நம் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள், நானும் நிறுத்தினேன்.

போன வருடம் ரயில் மேடையில் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டேன்.

"விசா கிடைச்சுதோ, தங்கச்சி?"

"ஓம், மாஸ்ரர்."

"நல்லது," என்றார்.

உறையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ரயில் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் உளவாளி அல்ல. அந்தக் கதையை நீங்கள் யாருக்காவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இதையும் சொல்லுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு "நல்லது"தான். அதில் குத்தல் இருந்ததா, கோபம் இருந்ததா என்று இத்தனை நாளும் துருவித் துருவிப் பார்த்துவிட்டேன். சந்தேகப்படுவதற்கு அதில் ஒன்றுமே அகப்படவில்லை.