வருஷத்தின் முதல் கால்

மைசூரில், கோகுலம் பக்கம், ஒரு ஸ்காட்லாந்து அம்மாவின் வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், தனி ஆள். கிறிஸ்துமஸுக்கு மகன் வருவதாக இருந்தது. நானே வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, பேக்கரியில் பிளம் கேக் வாங்கி வைத்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

“எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸே கிடையாது” என்றார். பைபிளில் இல்லாத பண்டிகை என்று சொல்லி, அவர்கள் ஊர் சர்ச் ஒரு காலத்தில் அதைத் தடையே செய்துவிட்டதாம். தடை போன பிறகும் பழக்கம் போகவில்லை. இவர் சிறுமியாக இருந்தபோதுகூட அப்பா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனாராம். சர்ச்சே கிறிஸ்துமஸைத் தடுத்த கதையைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை.

புத்தாண்டுதான் அவர்களுக்கு எல்லாம். வருஷம் பிறந்ததும் முதலில் வாசற்படி தாண்டுகிறவர் கறுப்பு முடி ஆணாக, கையில் கரியோடு வரவேண்டும். செம்பட்டை முடி ஆகாது. பெண் வந்தால் ஆகவே ஆகாது. கணவர் போன நாளிலிருந்து கல்யாண வீடுகளில் ஓரமாக நின்றவள் நான். கடல் தாண்டியும் இதே இழவுதானா என்று எரிச்சலாக வந்தது.

மகன் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. “புத்தாண்டுக்கு வந்துவிடுவான்” என்றார் அம்மா. முப்பத்தோராம் தேதி, அதுவும் இல்லை என்று போன் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனவள், சாவி கையில் இருந்தும் கேட்டிலேயே நின்றேன். பாவம், இந்த வருஷமாவது அவருக்கு நல்லபடியாக இருக்கட்டும், என் கால் முதலில் படவேண்டாம் என்று நினைத்தேன். பால்காரர் வந்தார். தலையெல்லாம் மருதாணிச் செம்பட்டை. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். இஸ்திரி வண்டிக்காரர் வரும்போது எட்டரை. டை அடித்த கறுப்பு முடி, வண்டியிலேயே கரி.

“ஏனக்கா, கேட்டுலயே நின்னுட்டீங்க?”

“நீங்க ஒரு கரித்துண்டோட மொதல்ல உள்ள போகோணும். அப்பறம் சொல்றேன்.”

கதவைத் திறந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போனவர் அலறினார். குளியலறை வாசலில் அம்மா விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் வந்தான், மூன்றாம் நாள். மரியாதையாகத்தான் பேசினான். அன்றைக்கு நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்டான்.

“எட்டரைக்கு” என்றேன்.