அளக்காத இருபத்திரண்டு நாட்கள்

பச்சை அட்டை போட்ட அந்த நீள நோட்டில் ஒரு பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இருபத்திரண்டு வரிகளில் தேதி மட்டும் இருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, ‘கருவி பழுது, அளக்கவில்லை’ என்று அக்காவின் குண்டு எழுத்து.

அவர் சொந்த அக்கா அல்ல. கோவையில் நான் படித்த கல்லூரியின் இயற்பியல் துறையில் எனக்கு மூன்றாண்டு மூத்த ஆய்வு மாணவி. உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக் குடும்பம். கதிரியக்கத் துத்தநாகம் பாதியாகக் குறைய ஏறக்குறைய எட்டு மாதமாகும் என்று புத்தகமே சொல்லும். அந்த அரை ஆயுளை, நாளின் சிறு பின்னம் வரைக்கும் துல்லியமாகச் சொல்வதுதான் அவர் வேலை. இரண்டு ஆண்டுகள், ஞாயிறு உட்பட, காலை பத்து மணிக்கு ஈயப்பெட்டிக்குள் அந்தத் துத்தநாகத்தை வைத்து, வெளிவரும் கதிர்களைக் கருவியில் எண்ணுவார். அவர் தங்கியிருந்த துடியலூரில் பஸ் தாமதமானால், இறங்கியதும் ஓடியே வருவார்.

ஒரு மழைக்காலத்தில் மின்னழுத்தம் எகிறிக் கருவி கருகியது. மாற்றுப் பாகம் வர இருபத்திரண்டு நாட்களாயின. ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரத்தில் துறைத்தலைவர் அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

“ஏம்மா, முன்னாடியும் பின்னாடியும் எண்ணு இருக்குது, சமன்பாடு இருக்குது. நடுவுல நிரப்பறதுக்கு என்ன? இப்படி ஓட்டையோட அனுப்புனா எவன் போடுவான்?”

“அந்த அரை ஆயுளைத்தானுங்க சார் நாம கண்டுபிடிக்கறோம். அதையே வெச்சு எண்ணை எழுதிப்போட்டு, அந்த எண்ணுலிருந்தே அதை எடுத்தா, அளந்ததா ஆகுங்களா? விட்டுப்போட்டு, பிழை வரம்பைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிரலாமுங்க.”

துறைத்தலைவர் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அந்த இடைவெளியை நிரப்பச் சொன்னார். அரை மணி நேரத்தில் கணினியில் அத்தனை எண்களையும் நிரப்பிக் கொடுத்தேன். உண்மையான அளவுகள் லேசாக மேலும் கீழும் ஆடும். பார்ப்பவருக்குச் சந்தேகம் வராதபடி அந்த ஆட்டத்தையும் சேர்த்தேன். கட்டுரை வெளியானது. முதலில் தலைவர் பெயர், அடுத்து என் பெயர். இரண்டு ஆண்டுகள் அளந்த அக்காவின் பெயர் எங்கும் இல்லை.

அக்கா புகார் கொடுத்தார். மூவர் குழு கூடியது. நோட்டு தொலைந்துவிட்டது என்றார் துறைத்தலைவர். அது அவர் அலமாரியில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் என்னைக் கேட்டபோது, “அக்கா அளந்து கொடுத்ததைத்தானுங்க டைப் பண்ணினேன்” என்றேன். டீ ஆறுவதற்குள் விசாரணை முடிந்தது. பொய் சொன்னவள் என்று அக்காவுக்குப் பெயர். அவரது ஆய்வுப் பதிவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்து, “ஏன் அம்மணி?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பட்டம் கிடைத்தது. அதே துறையில் வேலையும் கிடைத்தது.

போன மாதம், ஓய்வு பெறும் தலைவரின் பாராட்டு மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘துல்லியத்தின் மறுபெயர்’. படித்ததும் உடம்பு பற்றி எரிந்தது. அவர்மேல், அந்த மூவர்மேல், எல்லாரையும்விட என்மேல். எங்கள் பழைய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு அன்றே எழுதினேன்: அந்த இருபத்திரண்டு நாள் எண்களை யாரும் அளக்கவில்லை, நான்தான் எழுதினேன்.

பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன்.

“உன்ற வேலை போயிருமே.”

“போகட்டுமுங்க அக்கா.”

“இங்க ஆளுங்க காத்திருக்காங்க. வெச்சர்றேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

விழா நடந்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, எனக்கு மட்டும். பதிலில் நடந்ததையெல்லாம் வரி விடாமல் எழுதினேன். மீண்டும் குழு கூடினால், முதலில் அக்காவை அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.